இருக்கிறதாம்

கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத சக்திகளால் நேரக்கூடிய எதற்கும் நிர்வாகம் பொறுப்பாகாது என்பதை ஒப்புக்கொண்டு நாங்கள் நால்வரும் கையெழுத்திட்டோம். எங்களில் ஒருவர் வழக்கறிஞர். ‘மூன்றாம் தரப்பு கையெழுத்திடவே இல்லையே, இந்த ஒப்பந்தம் அதைக் கட்டுப்படுத்துமா?’ என்று மெல்லிய குரலில் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அந்த முன்கூடத்தின் வெளிச்சம் அப்படி.

லாஸ் வேகஸ் நகரில், சார்ல்ஸ்டன் சாலையில், 1938இல் கட்டப்பட்ட பழைய மாளிகை ஒன்றில் இருக்கிறது இந்த ‘ஹான்டட் மியூசியம்’. தொலைக்காட்சியில் பேய்களைத் தேடி அலைந்து புகழ்பெற்ற ஸாக் பேகன்ஸ் 2017 அக்டோபரில் இதைத் திறந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள். சிறு சிறு குழுக்களாக அழைத்துச் செல்கிறார்கள். புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை. டிராகுலாவாக நடித்த பெலா லுகோசிக்குச் சொந்தமானது என்று சொல்லப்படும் கண்ணாடி, இந்தியானா மாநிலத்தின் கேரி நகரில் பேய்வீடு என்று பெயர்பெற்று 2016இல் இடிக்கப்பட்ட வீட்டின் மாடிப்படிகள், தீராத நோயாளிகள் தம் உயிரை முடித்துக்கொள்ள உதவிய மருத்துவர் ஜாக் கெவோர்கியனின் வாகனம் என்று வரிசையாக வருகின்றன. கெவோர்கியனின் வாகனத்தின் முன்னால் நாங்கள் சற்றுத் தயங்கி நின்றோம். 1990இல் அதற்குள் ஒரு பெண்மணி உண்மையாகவே இறந்துபோனார். பொம்மைக்கும் கண்ணாடிக்கும் காட்டிய அதே அச்சத்தை அதற்கும் காட்டுவதா என்று தெரியவில்லை. ஆனால் நாங்கள் எழுத விரும்புவது அதைப் பற்றி அல்ல. கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டிருந்த ஒரு மரப்பெட்டியைப் பற்றி.

டிப்புக் பெட்டி என்று அதற்குப் பெயர். உலகத்திலேயே அதிகம் சபிக்கப்பட்ட பொருள் என்று விளம்பரம் பெற்றது. உயரம் குறைந்த, இரண்டு கதவுகள் கொண்ட, பழைய மரச்சாமான் கடைகளில் பத்தோடு பதினொன்றாகக் கிடக்கக்கூடிய பெட்டி. 2003இல் ஈபே ஏலத்தளத்தில் இது விற்பனைக்கு வந்தது. விற்றவர் ஓரிகன் மாநிலம் போர்ட்லாண்டில் பழைய மரச்சாமான்களைப் புதுப்பித்து விற்றுவந்த கெவின் மானிஸ். விற்பனைக் குறிப்பில் அவர் எழுதியிருந்த கதை இது: போலந்தில் பிறந்து, நாஜிகளின் முகாமிலிருந்து தப்பி ஸ்பெயினுக்குப் போய், அங்கே இந்தப் பெட்டியை வாங்கி, பிறகு அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த ஒரு யூத மூதாட்டி 103 வயதில் இறந்துபோகிறார். அவர் வீட்டுப் பொருள்களை விற்கும்போது மானிஸ் பெட்டியை வாங்குகிறார். அதை ஒருபோதும் திறக்கக் கூடாது என்று பாட்டி சொல்லியிருந்ததாகப் பேத்தி சொல்கிறாள். இவர் திறக்கிறார். உள்ளே 1920களின் இரண்டு செப்புக் காசுகள், பொன்னிறத்திலும் கருநிறத்திலும் கயிறு சுற்றிய இரண்டு முடிக்கற்றைகள், எபிரேய எழுத்துப் பொறித்த சிறு சிலை, ஒரு சிறிய மதுக்கிண்ணம், காய்ந்த ரோஜா மொட்டு, எண்காலியின் கால்களைக் கொண்ட மெழுகுவர்த்தித் தாங்கி. பெட்டியைத் தாய்க்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறார். அன்றே அவருக்குப் பக்கவாதம் வருகிறது. பெட்டி இருந்த வீடுகளில் எல்லாருக்கும் ஒரே கொடுங்கனவு: ஒரு கிழவி. வீட்டுக்குள் காரணமில்லாமல் பூனை மூத்திர நாற்றமும் மல்லிகை மணமும்.

மல்லிகையைப் படித்தபோது எங்களுக்குள் ஒரு புன்னகை. ஓரிகன்காரருக்கு அந்த மணம் விநோதமான ஒன்றாகத் தோன்றியிருக்கலாம். மோகினி கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது சொந்த வீட்டு மணம்.

இதன் பிறகு பெட்டி கைமாறியது. மிசூரி மாநிலத்தின் மருத்துவ அருங்காட்சியகம் ஒன்றின் இயக்குநராக இருந்த ஜேசன் ஹாக்ஸ்டன் வாங்கினார். 2011இல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 2012இல் ‘தி பொசெஷன்’ என்ற திரைப்படம் இதைத் தழுவி வந்தது. கடைசியில் பேகன்ஸிடம் வந்து சேர்ந்தது. 2018இல் பாடகர் போஸ்ட் மலோன் இங்கே வந்துபோன சில மாதங்களில் அவர் பயணம் செய்த விமானத்தின் சக்கரங்கள் வெடித்து அவசரமாகத் தரையிறங்கியதும், அவர் கார் விபத்துக்கு உள்ளானதும் கதையின் அடுத்த அத்தியாயங்களாகச் சேர்ந்துகொண்டன.

2021இல் மானிஸ் ஒரு நேர்காணலில், கதை முழுவதும் தன் கற்பனை என்று ஒப்புக்கொண்டார். அந்தக் கதையை உருவாக்கியவன் நான் என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவர் சொல்லியிருந்தார். கேட்க விரும்பியவர்கள் குறைவு. பெட்டியும் ஸ்பெயினிலிருந்து வந்தது அல்ல, அமெரிக்காவில் தயாரான சாதாரண மதுப் பெட்டி என்று அதைத் துப்புத் துலக்கியவர்கள் காட்டியிருக்கிறார்கள். எல்லாம் வெளிப்படையாகிவிட்ட பிறகும் பெட்டியின் சாபம் நீங்கவில்லை. ஆசிரியரே வந்து ‘இது நான் எழுதியது’ என்று சொன்னாலும் வாசகர்கள் ஏற்க மறுக்கும் ஒரு சிறுகதை! பொறாமையோடு சொல்கிறோம், எங்களில் யாருக்கும் அப்படி ஒரு வாசக விசுவாசம் வாய்த்ததில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பேய் உண்டா இல்லையா என்ற வழக்கில் நாங்கள் எந்தத் தரப்பிலும் இல்லை. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை நள்ளிரவில் படித்துவிட்டு விளக்கை அணைக்கத் தயங்கியவர்கள் நாங்கள். மானிஸின் விற்பனைக் குறிப்பையும் முதலில் ரசிகர்களாகவே படித்தோம். ஏலத்துக்கு வந்த பொருளின் விவரப்பட்டியல் என்ற வறண்ட வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் ஒரு குடும்பத்தின் கதையையும், மூன்று நாடுகளையும், ஒரு விலக்கையும், விலக்கை மீறியதன் விளைவையும் சுருக்கிவைக்கிறார். ‘இவ்வளவு ஆபத்து என்றால் ஏன் விற்கிறாய்?’ என்று வாசகர் கேட்பதற்கு முன்னரே, ஆபத்து என்பதால்தான் விற்கிறேன் என்று பதில் வந்துவிடுகிறது. காசு இரண்டு, முடிக்கற்றை இரண்டு, மொட்டு ஒன்று என்று எண்ணிச் சொல்லும் அந்த நிதானத்தில்தான் நம்பகத்தன்மை பிறக்கிறது. நல்ல சிறுகதைக்காரர்களுக்குத் தெரிந்த உத்தி. இணையத்தில் பிறந்த நாட்டார் கதைகளில் அது ஒரு முன்னோடி என்றுகூடச் சொல்வோம்.

பிறகு எங்கே உறுத்தியது? அந்த மூதாட்டியிடம்.

மானிஸ் அவருக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார், ஹவேலா. முகாமிலிருந்து அவர் மட்டுமே தப்பித்தார். பெற்றோர், உடன்பிறந்தோர், கணவர், பிள்ளைகள் எல்லாரும் கொல்லப்பட்டார்கள் என்பது கதை. போலந்தில் மட்டும் ஏறத்தாழ 30 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறை இல்லை. அந்தச் சாம்பலில் ஒரு பிடி எடுத்து ஒரு பெட்டிக்கு மெருகு பூசியிருக்கிறது இந்தக் கதை. புனைவில் அப்படி எடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. இனப்படுகொலையைக் கற்பனை தொடக் கூடாது என்ற கட்சியில் நாங்கள் இல்லை. ஆனால் புனைவு என்று அறிவித்துவிட்டு எடுப்பவர் அந்த இறந்தவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அவருடைய ஹவேலா பொய்யாகத் தெரிந்தால் விமர்சகர்கள் அவரைக் கேள்வி கேட்பார்கள். உண்மைச் சம்பவம் என்று விற்கும்போது அந்தக் கடமை போய்விடுகிறது. பேழையின் முன் நின்றபோது எங்கள் குழுவில் இருந்த எவரும் (நாங்களும்தான்) ஹவேலாவின் பிள்ளைகளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்று: கண்ணாடியைத் தொட்டால் ஏதாவது ஆகுமா?

டிப்புக் என்ற சொல் எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அங்கே போய்ப் பார்த்தால் இந்த வறுமை இன்னும் வெளிச்சமாகிறது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் நம்பிக்கையில் டிப்புக் பெட்டிக்குள் வசிப்பது அல்ல. அது உயிருள்ள மனிதரின் உடலில் ஒட்டிக்கொள்ளும் இறந்தவரின் ஆன்மா. ஒட்டிக்கொள்வது என்பதுதான் அந்தச் சொல்லின் வேர்ப்பொருள். ஆன்ஸ்கி என்ற புனைபெயரில் எழுதிய யூத எழுத்தாளர் 1912 முதல் 1914 வரை, முதல் உலகப்போர் தடுக்கும்வரை, இன்றைய உக்ரைன் பகுதியில் ஏறத்தாழ 70 சிற்றூர்களில் அலைந்து கதைகள், பாடல்கள், பொருள்கள், புகைப்படங்கள் என்று திரட்டினார். அந்தப் பயணத்தின் விளைவாகப் பிறந்தது ‘டிப்புக்’ நாடகம். அவர் 1920 நவம்பரில் இறந்தார்; ஒரு மாதம் கழித்து, துக்கநாள்கள் முடிந்ததும், வில்னா நாடகக்குழு வார்சாவில் அதை மேடையேற்றியது.

நாடகத்தில் இரண்டு நண்பர்கள் தங்களுக்கு ஆணும் பெண்ணும் பிறந்தால் மணமுடித்துவைப்பதாக வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் இறந்துவிடுகிறார். மற்றவர் பணக்காரராகி, தன் மகள் லேயாவுக்கு வசதியான மாப்பிள்ளை தேடுகிறார். இறந்தவரின் மகன், ஏழை மாணவன், செய்தி கேட்ட கணத்தில் விழுந்து சாகிறான்; மணநாளில் டிப்புக்காக லேயாவுக்குள் புகுகிறான். எங்களை அசரவைத்தது அதன் பிறகு நடப்பது. முதிய ரபி மந்திரத்தால் உடனே பேயை விரட்டிவிடவில்லை. நீதிமன்றம் கூட்டுகிறார். இறந்துபோன தந்தையைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஒரு திரைக்குப் பின்னால் அவருக்கு இடம் ஒதுக்குகிறார்கள். அவர் தன் நண்பன் வாக்குத் தவறினான் என்று முறையிடுகிறார். தீர்ப்பு வருகிறது: செல்வத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடு, இறந்த இருவருக்கும் ஆண்டுதோறும் பிரார்த்தனை செய்.

அதாவது பேய் என்பது ஒரு வழக்கு. இறந்தவருக்கு உயிருள்ளவர்கள் இழைத்த அநீதி ஒன்று தீர்க்கப்படாமல் இருக்கிறது என்பதன் அறிவிப்பு. நம் பழையனூர் நீலியும் சும்மா அலைந்தவள் அல்ல. கொலையுண்டவள், கணக்குத் தீர்க்க வந்தவள், அவள் கதையில் ஊர்ச்சபையும் வாக்கும் வாக்கின் விலையும் இருக்கின்றன. லாஸ் வேகஸ் பெட்டிக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் ஆவிக்கு எந்த வழக்கும் இல்லை. அது யார்மீதும் குற்றம் சாட்டுவதில்லை. அகப்பட்டவரை எல்லாம் அடிக்கிறது, அவ்வளவுதான். மின்கசிவு உள்ள சுவிட்சைப் போல.

இந்தியர்களாகிய எங்களுக்கு இதே போன்ற இன்னொரு பொருளோடு நேரடிக் கணக்கு உண்டு என்பதால் அதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், கனிமங்களின் கூடத்தையொட்டி 2007இல் திறக்கப்பட்ட ‘வால்ட்’ என்ற அறையில், வெள்ளி வளையத்தில் பதித்த ஊதாக் கல் ஒன்றை எங்களில் இருவர் பார்த்திருக்கிறோம். டெல்லி ஊதா நீலக்கல் என்று பெயர். டெல்லியும் அல்ல, நீலக்கல்லும் அல்ல, செவ்வந்திக்கல். அதனோடு எட்வர்ட் ஹெரான்-ஆலன் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. 1857இல் கான்பூரில் இந்திரன் கோயில் கருவூலத்திலிருந்து இது கொள்ளையடிக்கப்பட்டது. வங்காளக் குதிரைப்படையின் கர்னல் ஃபெரிஸ் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். வைத்திருந்தவர்கள் எல்லாம் அழிந்தார்கள். வாய்க்காலில் வீசினேன், மூன்று மாதத்தில் என்னிடமே திரும்பி வந்தது. ஏழு பெட்டிகளுக்குள் பூட்டிவைத்திருக்கிறேன் என்கிறது கடிதம். 1943இல் அவர் இறந்தார். மறு ஆண்டே மகள் கல்லை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

ஹெரான்-ஆலன் சாதாரண ஆள் அல்ல. நுண்ணிய கடலுயிரிகளை ஆராய்ந்தவர், வயலின் செய்யும் கலையைப் பற்றி நூல் எழுதியவர், உமர் கய்யாமைப் பாரசீகத்திலிருந்து மொழிபெயர்த்தவர். இன்னொன்றும் உண்டு: கிறிஸ்டோஃபர் பிளேர் என்ற புனைபெயரில் 1921இல் ‘ஊதா நீலக்கல்’ என்ற கதையைத் தலைப்பாகக் கொண்ட தொகுப்பை வெளியிட்டவர். கடிதத்தில் இருக்கும் தேதி 1904 என்றாலும், கதைக்கு உயிரூட்டவே கடிதம் இட்டுக்கட்டப்பட்டிருக்கலாம் என்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்களே கருதியிருக்கிறார்கள். எங்களுக்கும் அந்த இந்திரன் கோயில் இடித்தது. புகாரில் இந்திரவிழா எடுத்ததைச் சிலப்பதிகாரத்தில் படித்திருக்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் கான்பூரில் கருவூலம் நிறைந்த இந்திரன் கோயில் என்பது தொலைவிலிருந்து இந்தியாவைப் பார்த்தவரின் கற்பனை போலத்தான் தோன்றுகிறது.

ஆனால் கோயில் பொய்யாக இருக்கலாம். கொள்ளை பொய் அல்ல. 1857இல் டெல்லி வீழ்ந்த பிறகு, கொள்ளைப் பொருளைத் திரட்டி விற்றுப் படைக்குப் பங்கு பிரிப்பதற்கென்றே அதிகாரிகளை நியமித்திருந்தார்கள். அப்படிப் போன பொருள்களில் எத்தனைக்குச் சாபம்? 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட திப்புவின் மரப்புலி லண்டனில் நிம்மதியாகத்தான் இருக்கிறது. குழந்தைகள் அதன்முன் கூடி நிற்கிறார்கள். 1849இல் பத்து வயதுச் சிறுவன் துலீப் சிங்கின் கையெழுத்தை வாங்கி எடுத்துக்கொண்ட கோஹினூருக்கு ஒரு சாபம் கட்டினார்கள். அதையும் ஆண்களைத்தான் பிடிக்கும், அரசிகளை ஒன்றும் செய்யாது என்று தோதாகத் திருத்திக்கொண்டார்கள். எங்கள் பார்வையில் சாபக்கதை மனசாட்சியின் மலிவான மாற்று. ‘இது திருடியது’ என்று சொன்னால் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். ‘இது சபிக்கப்பட்டது’ என்று சொன்னால் பயந்தால் போதும். கொள்ளையடித்தவரே கதையின் பரிதாபத்துக்குரிய பலியாகவும் ஆகிவிடலாம்.

இதற்கெல்லாம் மாற்றாக நாங்கள் மதிக்கும் ஒரு சிறு பொருள் ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும், வெள்ளிப்பூச்சுப் பூசிய, வாய் அடைத்த கண்ணாடிப் புட்டி. 1926இல் மார்கரெட் மரே என்ற அறிஞர் கொடுத்தது. சஸ்ஸெக்ஸில் ஹோவ் ஊருக்கு அருகே ஒரு மூதாட்டியிடமிருந்து கிடைத்தது. அந்த மூதாட்டி கொடுக்கும்போது சொன்னதைப் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். எங்கள் மொழியில் சொன்னால்: இதற்குள்ளே ஒரு சூனியக்காரி இருக்கிறாளாம், வெளியே விட்டால் பெருந்தொல்லையாம்.

அந்த ‘ஆம்’ எவ்வளவு நாகரிகமான விகுதி என்று அன்றுதான் உணர்ந்தோம். ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம் என்று பாட்டி தொடங்கும்போதே, இதை எனக்கு இன்னொருவர் சொன்னார், நான் பார்த்ததில்லை, நம்புவது உன் பாடு என்ற மூன்றையும் அதற்குள் வைத்துவிடுகிறாள். சொன்னவருக்கு இடம் இருக்கிறது, கேட்டவருக்கும் இடம் இருக்கிறது. பிட் ரிவர்ஸ் புட்டியைப் பார்ப்பவர் சூனியக்காரியை மட்டும் நினைப்பதில்லை. அந்தக் கிராமத்துக் கிழவியையும் நினைக்கிறார். அவள் முகத்தைக் கற்பனை செய்கிறார். அவள் அதைப் பாதி நம்பியிருப்பாளோ என்று யோசிக்கிறார். லாஸ் வேகஸ் பெட்டியின் கதையிலிருந்து உதிர்ந்துபோனது இந்த ‘ஆம்’தான். இருக்கிறதாம் என்பது இருக்கிறது என்று ஆனதும், சொன்னவர் மறைந்து, கேட்பவர் கையெழுத்துப் போடும் நிலைக்கு வந்துவிடுகிறார்.

இது கேளிக்கை, ராட்டினம் மாதிரி, இதில் போய் இலக்கிய நீதி பேசுவதா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். ராட்டினத்தின்மீது எங்களுக்குப் புகார் இல்லை. அது எவருடைய சாவையும் சொல்லி டிக்கெட் விற்பதில்லை. பெட்டியை அகற்றச் சொல்லவும் எங்களுக்கு விருப்பம் இல்லை. சொல்லப்போனால் அது அங்கேயே இருக்க வேண்டும். அதன் அடியில் ஒரு அட்டை வேண்டும்: கெவின் மானிஸ், சிறுகதை, 2003, ஈபே. ஹெரான்-ஆலனின் கல்லுக்கும் அதைப்போல் ஒன்று. படித்துவிட்டும் ஒருவருக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தால் அது எழுதியவரின் வெற்றி. நாடகம் என்று தெரிந்தேதான் ‘டிப்புக்’ பார்த்தவர்களும் அழுதார்கள்.

வெளியே வந்தபோது பாலைவன வெயில் கண்ணைக் கூசவைத்தது. எங்கள் வழக்கறிஞர் நண்பர் மட்டும் உள்ளே கண்ணாடியைத் தொட்டதாக ஒப்புக்கொண்டார். அன்று மாலை அவர் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தார், அதை நாங்கள் எல்லாரும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறோம். வாசலில் அடுத்த குழு வரிசையில் நின்றது. முன்னால் இருந்த ஒரு முதியவர் படிவத்தை ஒரு வரி விடாமல் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருக்க, பின்னால் நின்ற இளம்பெண் ‘சும்மா போடுங்கள் தாத்தா’ என்ற பாவனையில் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தாள்.